கூரையில வெயில், ராத்திரியில கார்

எலெக்ட்ரிக் கார் வாங்கின வீட்டை சோலார் விக்கிறவங்க எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாங்களோ! டிரைவ்வேயில புது கார் வந்து நின்ன மறு வாரமே, கழுத்துல பேட்ஜ், கையில டேப்லெட்டோட ஒரு தம்பி கதவைத் தட்டுவார். "சார், இனிமே உங்க கார் சும்மா வெயில்லயே ஓடும்." கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம மக்கள் வரிசையா அதுல விழறதைப் பாத்துட்டுதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் பேசறது கலிஃபோர்னியா, அதுலயும் பிஜி அண்ட் ஈ கரண்ட் வர்ற பே ஏரியா கணக்கு. டெக்சாஸ், நியூஜெர்சி அன்பர்கள் இதை அப்படியே எடுத்துக்காதீங்க. அங்க விதிகள் வேற.

சோலாருக்கு நான் விரோதி இல்லீங்க. என் கட்சி இவ்வளவுதான்: வீட்டுக்காகப் பேனல் போடுங்க, போடாம இருங்க, அது தனிக் கணக்கு. காருக்காகப் போடாதீங்க.

ஏன்னு பாக்கலாம். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டறீங்கன்னு வைங்க. ஒரு யூனிட்டுக்கு மூணரை மைல்னா கிட்டத்தட்ட 3,400 யூனிட் வேணும். ஒரு கிலோவாட் பேனல் இந்தப் பக்கம் வருஷத்துக்கு 1,500 யூனிட் மாதிரி குடுக்கும். ஆக காருக்குன்னு கூடுதலா ஆறு பேனல், 2.4 கிலோவாட். வாட்டுக்கு 3 டாலர்னு குறைச்சே போட்டாலும் 7,200 டாலர். இது வரைக்கும் அந்தத் தம்பி சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணுதான்.

வில்லங்கம் நேரத்துல இருக்கு. வெயில் அடிக்கிறது காலை பத்துல இருந்து நாலு வரைக்கும். அப்ப கார் எங்கே? ஆபீஸ் பார்க்கிங்ல. கார் வீட்டுக்கு வந்து பிளக்குல மாட்டும்போது சூரியன் மலையிறங்கிட்டார். பகல்ல வீடு எடுத்தது போக மிச்ச கரண்ட் லைனுக்குப் போயிடும். முன்னாடி இதுல சிக்கல் இல்ல. பகல்ல ஒரு யூனிட் குடுத்தா, ராத்திரி கிட்டத்தட்ட அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கலாம். பேங்க்ல போட்டு எடுக்கற மாதிரி. அந்த பேங்கை மூடிட்டாங்க! 2022 டிசம்பர்ல மாநில மின் கட்டணக் கமிஷன் விதியை மாத்தினாங்க. 2023 ஏப்ரல் 14-க்குள்ள விண்ணப்பிச்சவங்களுக்குப் பழைய விதி 20 வருஷத்துக்கு ஓடும். அதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு, லைனுக்கு அனுப்பற கரண்ட்டோட விலை சுமார் 75 சதவீதம் அடி. சராசரியா 30 செண்ட் கிடைச்ச இடத்துல 8 செண்ட்.

அதனால, "எங்க வீட்ல கரண்ட் பில்லே வர்றதில்ல"ன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி பெருமை பேசினா, எந்த வருஷம் போட்டீங்கன்னு கேளுங்க. அவர் வேற ஆட்டம் ஆடிட்டு இருக்கார். அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் இப்ப கிடைக்காது.

காருக்குன்னு போட்ட பேனலோட 3,400 யூனிட்டும் லைனுக்கே போச்சுன்னா, 8 செண்ட் வீதம் வருஷம் 272 டாலர். போட்ட 7,200 திரும்பி வர 26 வருஷம். பேனல் வாரண்டியே பொதுவா 25 வருஷம்தான் சாமி :-)

இன்னொரு பக்கம் பாருங்க. எலெக்ட்ரிக் கார் வெச்சிருக்கிறவங்களுக்குன்னு ஈவி2-ஏன்னு ஒரு கட்டணத் திட்டம் இருக்கு. ராத்திரி 12-ல இருந்து மறுநாள் மதியம் 3 வரை மலிவு. 2025-ல யூனிட் 31 செண்டை ஒட்டி இருந்தது. கோடையில சாயங்காலம் 4 முதல் 9 வரை அதைப்போல ரெண்டு மடங்கு. கார் சார்ஜ் ஆகறது நடுராத்திரிக்கு மேல. அதாவது வீட்டுல இருக்கிற பொருள்லயே கடையில மலிவா வாங்கிச் சாப்பிடற ஆளு கார்தான். ஏஸி, அடுப்பு, ட்ரையர் எல்லாம்தான் விலை ஏறின நேரத்துல சாப்பிடுது. மிச்சம் பிடிக்கணும்னா யாரைப் பிடிக்கணும்?

"அப்ப பேட்டரியும் சேத்துப் போட்டுடலாம் சார்"னு தம்பி அடுத்த பக்கத்தைத் திருப்புவார். வீட்டுச் சுவர்ல மாட்டற பேட்டரி ஒண்ணுல 13.5 யூனிட் மாதிரி பிடிக்கும், விலை மாட்டுகூலியோட 10,000 டாலருக்கு மேல. 48 ஆம்பியர் சார்ஜர்ல காரை மாட்டினா அந்தப் பேட்டரி ஒண்ணேகால் மணி நேரத்துல காலி. குடத்துத் தண்ணியைக் கிணத்துல ஊத்தற வேலை. பேட்டரி வாங்கினா சாயங்காலம் வீட்டுக்கு வெச்சுக்கோங்க. கார்ல ஊத்தாதீங்க.

போதாததுக்கு மாசாந்திர நிலைக் கட்டணம் வேற, 2024 மே மாசம் கமிஷன் ஒப்புதல் குடுத்தது. பெரும்பாலான வீடுகளுக்கு 24 டாலர் 15 செண்ட். கூரை முழுக்க பேனல் அடுக்கினாலும் இதுல ஒரு செண்ட் குறையாது. பதிலுக்கு யூனிட் விலையைக் குறைக்கிறாங்க, அதாவது பேனல் மிச்சம் பிடிக்கிற காசும் குறையும்.

சரி, பவர் கட் ஆனா கார் ஓடுமேன்னு கேக்கறவங்களுக்கு. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுடும். லைன்ல வேலை செய்யறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுங்கிற பாதுகாப்பு அது. 2019 அக்டோபர்ல காட்டுத்தீ பயத்துல பிஜி அண்ட் ஈ லட்சக்கணக்கான வீடுகளுக்கு கரண்ட்டை நிறுத்தினப்போ, உச்சி வெயில்ல கூரை நிறைய பேனலை வெச்சுக்கிட்டு ஃப்ரிட்ஜ் ஓடாம உக்காந்திருந்தவங்க ஏராளம்.

எனக்கு உண்மையில பயம் தர்றது கையெழுத்து சமாச்சாரம். சொந்தமா பேனல் வாங்கினா கிடைச்சிட்டிருந்த 30 சதவீத மத்திய வரிச் சலுகையை, 2025 ஜூலைல வந்த சட்டம் அந்த டிசம்பர் 31-ஓட முடிச்சு வெச்சிருச்சு. வாடகைக்கு விடற கம்பெனிகளுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் இருக்கு. அதனால இப்ப கதவு தட்டறவங்க நீட்டறது பெரும்பாலும் 25 வருஷ வாடகை ஒப்பந்தம். அதுல சின்ன எழுத்துல "வருடா வருடம் 2.9 சதவீதம் உயரும்"னு இருக்கும். சின்ன நம்பராத்தான் தெரியும். 25-வது வருஷம் மாச வாடகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருக்கும். கடன்ல வாங்கினா வட்டி கம்மின்னு காட்டிட்டு, டீலர் ஃபீன்னு ஒண்ணை அசல்லயே ஏத்திடறாங்க. ரொக்கமா வாங்கினா என்ன விலைன்னு எழுத்துல கேளுங்க, குட்டு வெளிப்படும்.

யோசிச்சுப் பாருங்க, நம்மாளுங்களுக்கு மூணு வருஷ விசா, எப்ப வரும்னு தெரியாத கிரீன் கார்டு, "அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிடணும்"னு 15 வருஷமா சொல்லிட்டு இருக்கிற வாய். இதை வெச்சுக்கிட்டு 25 வருஷத்துக்குக் கையெழுத்து. எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பருக்கு வேலை போய் அவசரமா வீட்டை விக்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர் எல்லாம் பிடிச்சிருக்கு, அந்தக் கூரை வாடகை மட்டும் வேணாம்னுட்டார். மீதி வருஷத்து வாடகையை மொத்தமா கட்டிட்டுத்தான் நண்பர் வீட்டைக் கைமாத்த முடிஞ்சது. அந்தக் காசுல எத்தனை வருஷம் கார் ஓட்டியிருக்கலாம்?

அந்தப் பக்கம் கம்பெனி இருக்குமாங்கிறதும் கேள்விதான். 1985-ல ஆரம்பிச்ச சன்பவர் 2024 ஆகஸ்ட்ல திவால் மனு போட்டுச்சு. சன்னோவா 2025 ஜூன்ல. கூரை ஒழுகினா யாரைக் கூப்பிடறது? கூரையே பழசுன்னா பேனலைக் கழட்டி மாட்ட தனிச்செலவு வேற. டெஸ்லா 2016 அக்டோபர்ல காட்டின ஓடு மாதிரி சோலார் கூரை அழகுதான், மறுக்கல. ஆனா 2021-ல ஒப்பந்தம் போட்டு முடிச்சவங்களுக்கே விலையை ஏத்தி, வழக்கு வரைக்கும் போய் சமரசம் ஆச்சு.

விதிவிலக்கு ஒண்ணு இருக்கு. வீட்டுல இருந்தே வேலை பாக்கறவங்க, பகல்ல கார் வாசல்லயே நிக்கும்னா கணக்கு மாறும். பெரிய சார்ஜர் கூட வேணாம். கார் கூட வர்ற வயரை சாதாரண 120 வோல்ட் பிளக்ல பத்து மணிக்கு மாட்டுங்க. 1.4 கிலோவாட்தான் இழுக்கும், அந்த ஆறு பேனல் நல்ல வெயில்ல அதைத் தாங்கும். ஆறேழு மணி நேரத்துல 9 யூனிட், அன்னிக்கு ஓட்டத்துக்குப் போதும். 8 செண்டுக்குப் போக வேண்டிய கரண்ட் 30 செண்டை மிச்சம் பிடிக்கும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டு இதைப் படிக்கிறீங்களா? வீட்டு வாசல்ல வெச்சுப் போட்ட ஒப்பந்தத்தை கலிஃபோர்னியாவுல 3 வேலை நாளுக்குள்ள ரத்து பண்ணலாம். 65 வயசு தாண்டினவங்களுக்கு 5 நாள். ரத்துப் படிவம் ஒப்பந்தத்தோட சேர்ந்தே இருக்கும், கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்க.