ஒரே வண்டு, ஒரே பெயர்... ஆனால் மருந்து மட்டும் ஏன் பலிக்கவில்லை?

வீட்டில் தென்னை மரம் இருந்தால் காண்டாமிருக வண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரிந்த ஓலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டதுபோல இருக்கிறதா? அது குருத்தாக இருந்தபோதே வண்டு துளைத்துவிட்டது என்று அர்த்தம்.

1758-ல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது 'ஸ்காரபேயஸ்' என்ற பெரிய பேரினத்தில் சேர்த்தார். பிறகு அதிலிருந்து பிரித்து 'ஓரிக்டஸ்' பேரினத்தில் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'தோண்டுபவன்' என்று பொருள். ஆப்பிரிக்காவில் தென்னையைத் தாக்கும் மோனோசெரஸ், ஐரோப்பாவில் மட்கிய மரத்தில் வளரும் நாசிகார்னிஸ் எல்லாம் இதே பேரினம்தான். சாணி உருட்டும் வண்டு தூரத்துச் சொந்தம்!

கொம்பு, உடலமைப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் வகை பிரித்தார்கள். அது எப்போதும் போதாது என்பதைப் பசிபிக் தீவுகள் காட்டின.

1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டும் சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னையை நம்பி வாழும் மக்களுக்குப் பெரிய அடி. 1960-களில் மலேசியாவில், இந்த வண்டின் புழுக்களைத் தாக்கும் வைரஸ் ஒன்றை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். 1967-ல் அதைச் சமோவாவில் பரப்பினார்கள். வண்டுகள் குறைந்தன. மற்ற தீவுகளும் அதே வழியைப் பின்பற்றின.

2007-ல் குவாம் தீவில் வண்டு தென்பட்டது. அதே வைரஸைக் கொண்டு போனார்கள். பலிக்கவில்லை!

டி.என்.ஏ-வைப் பரிசோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயரும் உருவமும் ஒன்றுதான். ஆனால், இது வேறொரு மரபணுக் கிளை. குவாமின் முதல் எழுத்தைச் சேர்த்து 'சி.ஆர்.பி-ஜி' என்று அழைக்கிறார்கள். 2013-ல் ஹவாய், 2015-ல் சாலமன் தீவுகள் எனப் பரவிவிட்டது. இந்தக் கிளைக்குப் பலன் தரும் வைரஸ் ரகத்தைத் தேடுகிறார்கள். எந்த மருந்து என்பதற்கு முன்னால், எந்தக் கிளை என்று தெரிய வேண்டியிருக்கிறது.

நீங்களும் வீட்டிலேயே கொஞ்சம் வகை பிரிக்கலாம். எருக்குழியைக் கிளறும்போது சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைத் தரையில் விடுங்கள். முதுகால் ஊர்ந்து போனால் அது பூவண்டு வகைப் புழு. மட்கைத் தின்று உரமாக்கும், விட்டுவிடுங்கள். அப்படி ஊராமல், கட்டைவிரல் பருமனில் இருந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். தென்னை வைத்திருப்பவர்கள் அதைப் பொறுக்கி அழித்துவிடுவது நல்லது.