காடறிந்த மகளிரும் கிராமசபையும்

நூரைக்கிழங்கு எப்பருவத்தில் முற்றும், நெல்லியும் கடுக்காயும் எச்சரிவில் மிகுதியாகக் காய்க்கும், கோடையிலும் வற்றாத ஊற்று எங்குள்ளது? மலைவாழ் மக்களிடையே இவ்வினாக்களுக்கு விடையறிந்தோர் பெரும்பாலும் பெண்களே. கிழங்கு அகழ்தலும் கனி சேர்த்தலும் விறகும் நீரும் கொணர்தலும் அவர்தம் அன்றாடப் பணிகள். எனினும், அக்காட்டைக் குறித்து முடிவெடுக்கும் அவையில் அவர்கள் குரல் அரிதாகவே ஒலிக்கிறது.

2006ஆம் ஆண்டின் வனஉரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற ஒரு வாயிலைத் திறந்தது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடிக் குடும்பத்திற்கு, 4 ஹெக்டேர் வரம்பிற்குள், அந்நிலத்தின்மீது அச்சட்டம் உரிமை வழங்குகிறது. மணமானவர் எனில் அவ்வுரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பெறும். ஒரு பெண்ணே தனித்து நின்று குடும்பத்தை நடத்துவாராயின் அவர் பெயரிலேயே பதியப்பெறும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்துவதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அவர்களிடையே நிலம் யாருக்கு உரியது என்பதை வழக்காறே முடிவு செய்கிறது. அவ்வழக்காறு பல இடங்களில் மகளை விலக்கி வைக்கிறது.

உரிமைக்குச் சான்று கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அரசு ஆவணங்கள் மட்டுமே சான்றாகும் என்று விதிகள் கூறவில்லை. இடுகாடு, வழிபாட்டிடம், பழங்கிணறு ஆகியவையும், ஊர் முதியோர் சொல்லி எழுதப்பெற்ற வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். சமூக உரிமை கோரும்போது கிழங்கும் கனியும் சேகரித்த இடங்கள், மேய்ச்சல் நிலங்கள், நீர்நிலைகள், மூலிகை பறித்த பகுதிகள் ஆகியவற்றையும் காட்டலாம். எழுத்தறியாத மூதாட்டியின் நினைவே இங்கு ஆவணமாகிறது. அவரைக் கேளாமல் வரையப்படும் வரைபடத்தில் ஊற்றும் கிழங்குக் காடும் விடுபட்டுப் போகும். விடுபட்டதை ஊரார் உரிமையாகக் கோருவது எவ்வாறு?

எண்ணிக்கையும் பங்கேற்பும்

2012ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற விதிகளின்படி, உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் கிராமசபையில் வந்திருப்போருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். 10 முதல் 15 பேர் கொண்ட வனஉரிமைக் குழுவிலும் அதே விகிதம் உண்டு. ஆனால் விகிதம் நிறைவுறுவதாலேயே பங்கேற்பு நிறைவுற்றதாகாது. பெண்கள் காட்டிற்கோ தோட்ட வேலைக்கோ சென்றிருக்கும் நண்பகலில், மலையடிவார ஊராட்சி அலுவலகத்தில், அலுவலக மொழியில் கூட்டம் நடந்தால் அவர்களுக்கு எஞ்சுவது பதிவேட்டில் இடும் கைந்நாட்டு மட்டுமே.

பழங்குடிச் சமூகங்களில் பெண்கள் இயல்பாகவே உரிமை பெற்றவர்கள். புறத்தார் தலையிட வேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். உழைப்பிலும் நடமாட்டத்திலும் அப்பெண்களுக்குள்ள உரிமை பிற சமூகப் பெண்கள் பலருக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் ஊர்ப்பஞ்சாயத்தில் அமர்வோர் பல குடிகளில் ஆண்களே. உழைப்பில் கிடைத்த உரிமை தீர்ப்பில் கிடைக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் இமயமலைச் சிற்றூரான ரேணியில் ஆடவர் ஊரில் இல்லாத வேளையில், கௌராதேவியின் தலைமையில் பெண்கள் திரண்டு மரம் வெட்ட வந்தோரைத் தடுத்து நிறுத்தினர். காட்டைக் காக்க முன்வந்தோர் அக்காட்டைப் பற்றி அவையில் பேசும்போது மட்டும் பிறர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது எவ்வகையில் முறை?

தமிழக மலைப்பகுதிகளில் ஓர் ஊராட்சிக்குள் பல சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் கூட்டம் அந்தந்தச் சிற்றூரிலேயே, வேலை முடிந்த மாலைப்பொழுதில், அம்மக்கள் பேசும் மொழியில் நடைபெறுதல் வேண்டும். எழுதப்பெற்ற தீர்மானத்தை எல்லோர் செவியிலும் விழுமாறு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, பெண்கள் அதில் திருத்தம் கூற இடமளித்த பின்னரே பதிவேட்டில் கையொப்பமோ கைந்நாட்டோ பெறுதல் வேண்டும்.