ராக் அண்ட் ரோலுக்கு ஊர் தூத்துக்குடி!

'ராக்'னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? கறுப்பு டி-ஷர்ட், எலெக்ட்ரிக் கிடார், தலையைச் சுத்திச் சுத்தி ஆட்டுற கூட்டம். அதானே பாஸ்? நம்ம தாத்தாக்கள் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு டென்ட் கொட்டாய்க்குப் போன காலத்துலயே, கறுப்பு வெள்ளைப் படத்துல ஒருத்தர் தமிழ்ல ராக் அண்ட் ரோல் பாடிட்டார்னு சொன்னா நம்புவீங்களா?

நம்பித்தான் ஆகணும். வருஷம் 1958. பீம்சிங் டைரக்‌ஷன்ல சிவாஜி, ஜெமினி, சாவித்திரி நடிச்ச படம். படத்தோட பேரு என்ன தெரியுமா? 'பதிபக்தி'! வெளியே போர்டுல பதிபக்தி, உள்ளே ராக் அண்ட் ரோல். இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. பாட்டு எழுதினது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பாடினவர் ஜே.பி.சந்திரபாபு, கூடவே வி.என்.சுந்தரம். சந்திரபாபுவோட சொந்த ஊர்? மக்ரூன் வாங்குறதுக்காகவே நீங்க பஸ்ஸை விட்டு இறங்குவீங்களே, அதே தூத்துக்குடி!

இந்த வாரம் அந்தப் பாட்டோட கதை. இது ஸ்டூடியோவுல ஆரம்பிக்கல. கடல்ல ஆரம்பிக்குது.

பேருலயே பாதிக் கதை

1927 ஆகஸ்ட் முதல் வாரம். தூத்துக்குடியில பனிமய மாதா திருவிழா நடக்குற சமயம். அப்போ ஒரு பரதவர் குடும்பத்துல பிறந்த பையனுக்கு வெச்ச பேரு ஜோசப் பனிமயதாஸ். குடும்பப் பேரு ரோட்ரிக்ஸ். முத்துக்குளித்துறையில போர்ச்சுகீசியர் கால் வெச்சு, 1530-கள்ல பரதவர்கள் கூட்டங்கூட்டமா கத்தோலிக்கத்துக்கு மாறினப்போ இந்தக் கரைக்கு வந்த பேருங்கள்ல ஒண்ணு அது.

போர்ச்சுகீசியர் போயிட்டாங்க. பேரு போகல. ருசியும் போகல. மக்ரூன்னு நாம முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுச் சுட்டுச் சாப்பிடுறதுக்கும் அந்தப் பக்கத்துத் தொடர்பு உண்டுன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. எதிர்க்கரை இலங்கையில அவங்க விட்டுட்டுப் போன இன்னொரு சங்கதி, பைலா. 'ஆடு'ங்கிறதுக்கான போர்ச்சுகீசியச் சொல்லுலேர்ந்து வந்த பேரு. காலைச் சும்மா வைக்க விடாத தாளம். ஒரு வகையில பார்த்தா மக்ரூனும் பைலாவும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க. ஒண்ணு இந்தக் கரையில, ஒண்ணு அந்தக் கரையில.

நம்ம பனிமயதாஸ் ரெண்டு கரையையும் பார்த்தவர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். சத்தியாகிரகத்துல கலந்துக்கிட்டதுக்காகக் கைது பண்ணி, விடுதலைக்கு அப்புறம் 1929-ல குடும்பத்தையே கொழும்புக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு வயசுல கப்பல் ஏறின பையன், தமிழ்நாட்டுக்குத் திரும்பினது 1943-ல. திருவல்லிக்கேணிக்கு வந்து இறங்கினப்போ வயசு பதினாறு.

பள்ளிக்கூட வயசு மொத்தமும் கொழும்புல. தமிழ், சிங்களம், இங்கிலீஷ்னு மூணு பாஷையும் கலந்து புழங்குற துறைமுகம். எல்லா ஊர்க் கப்பலும் வந்து நிக்கும். கப்பலோட எல்லா ஊர்ப் பாட்டும் வந்து இறங்கும். பைலா அந்தக் காதுல விழாம இருந்திருக்க வாய்ப்பே இல்ல.

ஃபெயில் ஆன ஆடிஷன்

சினிமா ஆசையோட சென்னையில அலைஞ்ச சந்திரபாபுவுக்கு 1947-ல 'தன அமராவதி'யில ஒரு சின்ன வேஷம். அதுக்கப்புறம் பெரிய கதவு எதுவும் திறக்கல. அந்த நாள்கள்ல நடந்ததா கோடம்பாக்கம் திரும்பத் திரும்பச் சொல்ற கதை ஒண்ணு இருக்கு.

இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன்கிட்ட பாட சான்ஸ் கேட்டுப் போறார் சந்திரபாபு. 'இந்தப் பையன் எப்படிப் பாடுறான்னு பாரு'ன்னு சுப்பராமன் தன்னோட உதவியாளர்கிட்ட ஒப்படைக்கிறார். இவர் பாடுறார். பேச்சுலயும் பாட்டுலயும் இலங்கை வாடை அடிக்குது. உதவியாளர் உதட்டைப் பிதுக்கிடுறார். ரிஜெக்ட்!

அந்த உதவியாளர் பேரு எம்.எஸ்.விஸ்வநாதன்.

ஆமா, அதே எம்.எஸ்.வி.தான். தப்பு சொல்ல முடியாது. அன்னிக்குப் பாட்டுன்னா கர்நாடக சங்கீதத்துல குளிச்ச குரல், அட்சரம் பிசகாத உச்சரிப்பு. அந்த அளவுகோலை வெச்சுப் பார்த்தா இந்தக் குரல் ஃபெயில்தான். ஆனா அளவுகோலே மாறப்போகுதுன்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

அந்தப் பக்கம் அமெரிக்காவுல

1954 ஏப்ரல் 12. பில் ஹேலியும் அவரோட குழுவும் நியூயார்க்குக்கு ரெக்கார்டிங் கிளம்புறாங்க. ஆத்தைக் கடக்க ஏறின ஃபெர்ரி மணல் திட்டுல தட்டி நின்னுடுச்சு! லேட்டா போய்ச் சேர்ந்தவங்க, இருந்த நேரத்துல பெரும்பகுதியை வேற ஒரு பாட்டுக்குச் செலவு பண்ணிட்டு, மிச்சத்துல அவசர அவசரமா பதிவு பண்ணினதுதான் 'ராக் அரவுண்ட் தி கிளாக்'. ரெக்கார்டோட பின்பக்கத்துல போட்டாங்க. பெருசா ஓடல. அடுத்த வருஷம் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தோட டைட்டில்ல அந்தப் பாட்டு ஒலிச்சதும் தியேட்டர்ல பசங்க எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. 1955 ஜூலையில அமெரிக்காவுல நம்பர் ஒன். 1956-ல எல்விஸ் வந்தார். அப்புறம் உலகமே ஆடுச்சு.

பம்பாய்க்கு இந்த அலை 1957-ல வந்துச்சு. 'ஆஷா' படத்துல கிஷோர் குமார் பாடின 'ஈனா மீனா டீக்கா'. இசையமைப்பாளர் சி.ராம்சந்திராவோட ரூமுக்கு வெளியே குழந்தைங்க விளையாடிட்டே கத்தினதுலேர்ந்து பிறந்த பாட்டுன்னு சொல்லுவாங்க. அதுல கொங்கணியில 'எனக்கு வேண்டாம்'னு அர்த்தம் வர்ற ரெண்டு வார்த்தையைச் சொருகினவர் அவரோட கோவா உதவியாளர் ஜான் கோம்ஸாம். கவனிச்சீங்களா? அங்கே ஒரு கோம்ஸ், இங்கே ஒரு ரோட்ரிக்ஸ். மேற்கத்திய சங்கீதம் நம்ம நாட்டுக்குள்ள நுழைஞ்சப்போ வாசல்ல நின்னு வரவேத்ததுல துறைமுகத்துப் பிள்ளைங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரெண்டுலயும் நாலுலயும் தட்டு

அடுத்த வருஷம் நம்ம முறை. இதுல என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? ஒரு சின்ன டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிட்டே கையைத் தட்டுங்க. நம்மள்ல பல பேருக்கு அழுத்தம் ஒண்ணுல விழும். பஜனையோ கும்மியோ கேட்டு வளர்ந்த கை அப்படி. ராக் அண்ட் ரோல்ல டிரம்ஸோட அடி விழுறது ரெண்டுலயும் நாலுலயும். அந்த இடம் மாறுதல்தான் உடம்பை ஆட்டிவைக்குது.

இன்னொரு சிக்கல், பாஷை. தமிழ்ல குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். 'படம்'னு எழுதினதை இழுத்துப் பாடினா 'பாடம்' ஆயிடும். இங்கிலீஷ் பாட்டுல அந்தத் தொல்லை கம்மி. அப்போ தாளத்துக்குத் தோதா வெட்டுற மாதிரி சின்னச் சின்னப் பேச்சு வார்த்தை வேணும். அதுக்குப் பட்டுக்கோட்டையை விட்டா ஆள் ஏது? வயலையும் உழைப்பாளியையும் பாடின பொதுவுடைமைக் கவிஞர் ராக் அண்ட் ரோலுக்கு எழுதுறதா? ஏன் கூடாது? ராக்கோட தாயே புளூஸ். புளூஸோட வேர் கறுப்பின மக்கள் வேலைக்களத்துல பாடின பாட்டு. ஒருத்தர் முன்னாடி எடுத்துக் கொடுக்க, மத்தவங்க சேர்ந்து பதில் பாடுவாங்க. நம்ம கடற்கரையில வலை இழுக்கிறப்போ பாடுற அம்பா பாட்டும் அதே அமைப்புதான்!

மூணாவது தேவை, குரல். இங்கேதான் பழைய ஆடிஷன் தலைகீழா திரும்புது. ராக்குக்குச் சுத்தபத்தமான குரல் வேண்டாம். கொஞ்சம் முரடு, கொஞ்சம் கேலி, தொண்டையை உடைச்சு மேலே தூக்குற யோடலிங், இங்கிலீஷும் தமிழும் இடிச்சுக்காம வர்ற நாக்கு. எதுக்காக ரிஜெக்ட் பண்ணினாங்களோ, அதுதான் இப்போ குவாலிஃபிகேஷன்! மைக்குக்கு இந்தப் பக்கம் சந்திரபாபு. இசையமைப்பாளர் நாற்காலியில அதே விஸ்வநாதன், கூட்டாளி ராமமூர்த்தியோட.

அன்னிக்கு ரெக்கார்டிங்னா இன்னிக்கு மாதிரி ஒவ்வொரு வரியா பாடி ஒட்டுற வேலை இல்ல. வாத்தியக்காரங்களும் பாடகர்களும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே மூச்சுல முடிக்கணும். யாராவது ஒருத்தர் சொதப்பினா எல்லாருக்கும் மறுபடியும் முதல்லேர்ந்து. சாஸ்திரிய சங்கீதத்துல ஊறின வி.என்.சுந்தரத்தோட குரலும் கொழும்புக் குரலும் ஒரே பாட்டுல! யூடியூப்ல தேடிக் கேளுங்க. ரெண்டு உலகம் ஒரே மைக் முன்னாடி வந்து நிக்கிறது காதுக்கே தெரியும்.

காமெடியன் கேட்

ஒண்ணு கவனிக்கணும். இந்தப் பாட்டு ஏன் சிவாஜிக்கோ ஜெமினிக்கோ போகல? அந்தக் காலத்து ஹீரோ ராக் அண்ட் ரோல் ஆடினா மரியாதை போயிடும். மேற்கத்தியப் பாட்டு, கோட்டு சூட்டு, இடுப்பை ஆட்டுறது எல்லாமே கிண்டல் பண்றதுக்கான சமாசாரம். அதனால காமெடியன் தலையில கட்டினாங்க. 'சிரிச்சுட்டுப் போகட்டும்'னு திறந்துவிட்ட அந்தக் கேட் வழியாத்தான் ராக் தமிழ் சினிமாவுக்குள்ள வந்துச்சு. ஜனங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டே காலால தாளமும் போட்டாங்க.

அதே 1958-ல 'சபாஷ் மீனா'வுல ரிக்‌ஷாக்காரரா வந்து மெட்ராஸ் பாஷையில வெளுத்துக்கட்டினார் சந்திரபாபு. உச்சரிப்பு சரியில்லன்னு திருப்பி அனுப்பின அதே ஆள்! 1959-ல 'மரகதம்' படத்துல ஜமுனாராணியோட ஒரு டூயட். அந்தம்மா சிங்களப் படங்கள்லயும் பாடினவங்க. அந்தப் பாட்டைக் கேட்டா கொழும்புக் கடற்கரைக் காத்து இப்பவும் அடிக்கும்.

ஆனா கேட் திறந்தவருக்குக் கிடைச்ச கூலி ரொம்பப் பெருசு இல்ல. எம்.ஜி.ஆரை வெச்சு ஆரம்பிச்ச 'மாடி வீட்டு ஏழை' பாதியில நின்னுச்சு. 1966-ல தானே இயக்கின 'தட்டுங்கள் திறக்கப்படும்' கைகொடுக்கல. கடன், குடி, தனிமை. ஆடிஷன்ல திருப்பி அனுப்பின விஸ்வநாதன்தான் நெருங்கின நண்பரா கூட இருந்தார். 1974 மார்ச் 8-ல சந்திரபாபு இறந்தப்போ வயசு 46. அடுத்த நாலே மாசத்துல, ஜூலை 11-ல, தூத்துக்குடி பெரிய துறைமுகமா அறிவிக்கப்பட்டுச்சு. ஊருக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பிச்சப்போ, ஊரோட பெரிய பாட்டுக்காரர் சென்னை கல்லறைத் தோட்டத்துல தூங்கிட்டிருந்தார்.

உங்க காலேஜ்ல எந்த லிஸ்ட்?

கல்ச்சுரல்ஸ் வந்தா காலேஜ்ல ரெண்டு லிஸ்ட் ஒட்டுவாங்க. ஈஸ்டர்ன் வோக்கல், வெஸ்டர்ன் வோக்கல். ரெண்டாவது லிஸ்ட்ல பேர் கொடுக்க நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் தயங்குறாங்க. 'நம்ம இங்கிலீஷுக்கு அதெல்லாம் செட் ஆகாதுலே'ன்னு ஹாஸ்டல் பாத்ரூமோட நிறுத்திக்குறாங்க. முதல் லிஸ்ட்டுக்குப் போனா 'சுருதி ஓகே, உச்சரிப்புல ஊர் வாடை அடிக்குது'ன்னு ஜட்ஜ் மார்க்கைக் குறைக்கிறார்.

சந்திரபாபு இன்னிக்கு உங்க கிளாஸ்மேட்டா இருந்தா எந்த லிஸ்ட்ல பேர் கொடுப்பார்? ரெண்டுலயும் அடங்கமாட்டார். ஒருவேளை ரெண்டுலயும் முதல் ரவுண்டுலயே வெளியேறியும் இருப்பார். அப்புறம் ஒருநாள், ஜட்ஜ் பண்ணினவரே வந்து 'இந்தப் பாட்டை உன்னை விட்டா யார் பாடுவா?'ன்னு கேட்டிருப்பார்.

அந்த ஒருநாள் வர்றதுக்கு, முதல்ல லிஸ்ட்ல பேர் இருக்கணும் மக்கா. பேனாவை எடுங்க!

அடுத்த வாரம் இன்னொரு பாட்டோட சந்திப்போம்!