ஓசூருக்கும் வேண்டும் கரிமக் கணக்கு



சென்னை மாநகராட்சி 2023-இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2019-இல் மாநகராட்சியான ஓசூருக்கும் அப்படியொரு திட்டம் தேவை. அதற்கு அடிப்படை, கட்டடங்களின் எரிசக்திக் கணக்கு.

வீடு, கடை, ஆலை என மின் இணைப்புகள் ஏற்கெனவே வகை பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றின் மின் பயன்பாட்டு அளவுகளை வார்டு வாரியாகத் தொகுத்து, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று பெருக்கினாலே கரிம வெளியீட்டின் முதல் மதிப்பீடு கிடைத்துவிடும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஜெனரேட்டர் டீசலையும் கொதிகலன் எரிபொருளையும் சேர்க்க வேண்டும். கூரைச் சூரிய மின்சாரத்தைத் தனியே குறிக்க வேண்டும். தனி வீடுகளின் விவரம் வெளியாகக் கூடாது.

கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடி வரை கட்டடங்கள் பெருகும் இவ்வேளையில், மின்வாரியமும் மாநகராட்சியும் இணைந்து இக்கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

- வாசகர், ஓசூர்