கல்லாமை தந்தவர் கணக்கெடுக்க வந்தனர்

கொங்கோ மக்களுக்குத் தம்மைத் தாமே ஆளத் தெரியவில்லையாம்! அந்நாடு விடுதலை பெற்ற சில கிழமைகளுக்குள்ளேயே பெல்சிய அலுவலர் எழுதிவிட்ட தீர்ப்பு இது. எழுத்தே அறிவிக்காத ஆசான், தேர்வுத்தாள் திருத்தச் சிவப்பு மையோடு வந்து அமர்ந்தானாம். அத்தகையது இவர்தம் மதிப்பீடு.

1908 முதல் 1960 வரை 52 ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டது பெல்சிய அரசு. அதற்கு முன்னர் மன்னன் இலியோபோல்டின் தனியுடைமையாய்க் கிடந்து, இரப்பருக்காக மக்கள் கைகள் வெட்டுண்ட கொடுமையை ஈண்டு விரித்திலேன். அவ்வாட்சி செய்த கல்விப்பணி யாது? முதற் பல்கலைக்கழகம் தோன்றியதே 1954-இல்தான். விடுதலை நாளில் பட்டம் பெற்றிருந்த கொங்கோவர் 30 பேர்கூட இலர். படையிலோ, உயர்நிலைத் தலைவர் அனைவரும் வெள்ளையர். கறுப்பர் ஒருவரேனும் இலர். கற்பியாமையையே கொள்கையாகக் கொண்டவர்க்குக் கல்லாமையைப் பழிக்க நாணம் வேண்டாவா?

1960 சூன் 30-இல் விடுதலை. சூலை 5-இல் படைத்தலைவர் யான்சன்சு வீரரைக் கூட்டி, விடுதலைக்கு முன்னிருந்ததும் பின்னிருப்பதும் ஒன்றே எனக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அன்றே படை கிளர்ந்தது. குழப்பம் விளைத்த கை எது? ஆயினும் பழி, ஐந்தே நாள் ஆண்ட தலைமையமைச்சர் உலுமும்பாவின் மேல் விழுந்தது!

சூலை 10-இல் பெல்சியப் படை புகுந்தது. மறுநாளே செம்புவளம் மிக்க கத்தங்கா பிரிந்தது. 1961 சனவரி 17-இல், பெல்சிய அலுவலர் உடனிருக்க, உலுமும்பா அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பெல்சிய அரசு பொறுத்தருள வேண்டியதோ 2002-இல்.