சத்தம் வேறு, சக்தி வேறு!

முசலித் தம்பிமாருக்கு நாங்கள் சொல்ல வேண்டிய ஒரு விசயம்.

பைக்கின் எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கோன் பில்டர் மாட்டுகிறோம். சிலர் ஒன்றும் மாட்டாமல் திறந்தே விடுகிறார்கள். கேட்டால், "காத்து கூடினா பவர் கூடும்." அது பாதி உண்மைதான்.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் கலவை மெலியும், எஞ்சின் சூடேறும், பவர் குறையவும் செய்யும். பெட்டி இல்லாத பில்டர் எஞ்சினுக்குப் பக்கத்துச் சூடான காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஒட்சிசனும் குறைவு. கூடியது இரைச்சல் மட்டும்தான்.

"ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்றாங்களே?" செய்கிறார்கள். காற்று, எரிபொருள், சைலன்சர் மூன்றையும் அளந்து சேர்த்து மாற்றுகிறார்கள். ரேஸ் எஞ்சினை அடிக்கடி பிரித்தும் பார்க்கிறார்கள். நாங்கள் ஓடுவது கொண்டச்சி, மறிச்சுக்கட்டிச் செம்மண் புழுதியில். அந்த மணல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரம்போல் ராவிவிடும். பிறகு எஞ்சினை இறக்கிச் செய்யும் காசு யாருடையது? வெளிநாட்டு வெயிலில் நிற்கும் வாப்பாவுடையது!

கராஜ்காரச் சகோதரர்களே, இதைச் சொல்லாமல் பில்டரில் கை வைக்காதீர்கள். பெற்றோரே, இந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தம்பிமாரே, பவர் வேண்டுமா? புழுதி அடைத்த பில்டரை மாற்றுங்கள், ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், செயினையும் டயர் காற்றையும் பாருங்கள். தொலைந்த பவர் அங்கேதான் இருக்கிறது.