காதைப் பொத்திக்கொண்டு படம் பார்ப்பதா?

மரக்காணம் அருகே உள்ள எக்கியார்குப்பம் மீனவர் கிராமம். அங்கிருந்து ஒரு குடும்பம் திண்டிவனத்துக்கோ, புதுச்சேரிக்கோ போய்ப் படம் பார்ப்பது என்றால் சும்மாவா? பஸ் கட்டணம், டிக்கெட், குழந்தைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும். இவ்வளவு செலவு செய்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்காரலாமா?

சத்தத்தால் வந்த வினை

சூர்யா நடித்த "கங்குவா" 2024 நவம்பர் 14-ந்தேதி வெளிவந்தது. சண்டைக் காட்சிகள் நிறைந்த படம். டைரக்டர் சிவா. இசை தேவி ஸ்ரீ பிரசாத்.

பெருஞ்செலவில் எடுத்த படம்தான். ஆனால் பார்த்தவர்கள் பலர், "கதை எப்படி?" என்று கேட்டால், "ஒரே இரைச்சல்!" என்றார்கள். விமர்சகர்களும் அதையே எழுதினார்கள்.

தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா இதை மறுக்கவில்லை. ஒலி அளவை 2 புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்காரர்களிடம் சொன்னார். சூர்யாவின் மனைவி ஜோதிகாவும், சத்தம் உறுத்துவதாக ஒப்புக்கொண்டார்.

குற்றம் யார் மீது?

ரசூல் பூக்குட்டி, 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். அவர் வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார். பழி ஒலிக்கலைஞர் மீதா? கடைசி நேரத்தில் செய்யச் சொல்லும் மாற்றங்கள் மீதா? தலைவலியோடு வெளியே போகிறவர் அந்தப் படத்தை மறுபடியும் பார்க்க வரமாட்டார் என்றும் எச்சரித்தார்.

நியாயமான பேச்சு! வசனம், இசை, மற்ற ஓசைகள் மூன்றையும் சேர்த்து அளவாகக் கலப்பதுதான் ஒலிக்கலவை. மூன்றும் ஒரே நேரத்தில் முழங்கினால் எதுவும் காதில் விழாது. நல்ல இசையும் கெட்ட பெயர் வாங்கும்.

அளவு அறிந்தவர்கள்

எஸ்.பாலசந்தர் பெரிய வீணை வித்வான். அவரே 1954-ல் சிவாஜி கணேசனை வைத்து, பாட்டே இல்லாமல் "அந்த நாள்" என்ற மர்மப் படத்தை எடுத்தார். இன்றும் அதைப் புகழ்கிறார்கள்.

2019-ல் வந்த "கைதி"யிலும் புதிய பாட்டு கிடையாது. சாம் சி.எஸ். அமைத்த பின்னணி இசை பாராட்டைப் பெற்றது. படமும் வெற்றி பெற்றது.

எக்கியார்குப்பத்து மக்களுக்குச் சத்தம் புதிது அல்ல. இரவும் பகலும் அலை ஓசை கேட்டு வாழ்கிறவர்கள். ஆனால் அலை எழும்பும், பிறகு அடங்கும். அடங்குவதால்தான் அடுத்த அலை காதில் விழுகிறது.

படம் எடுப்பவர்களும் இதை உணர வேண்டும். காசு கொடுத்தவருக்கு வசனம் கேட்கட்டும். குழந்தை பயமில்லாமல் மடியில் உட்காரட்டும். அப்போது இசைக்கும் பாராட்டு தானாக வரும்!